வெள்ளச்சி விழுங்கிய கம்மல்

1

இந்தக் கதையின் முதல் பாதியை எனக்குச் சொன்னவர் ஒரு குதிரைவண்டிக்காரர். மற்றப் பாதியைச் சொன்னவர் ஒரு கறிக்கடைக்காரர். இரண்டு பாதியையும் அறிந்தவர்களில், கறிக்கடைக்காரரைத் தவிர, ஒருத்தி வாய் திறக்க மாட்டாள். இன்னொருவன் நான். அதனால்தான் இந்தத் தாள்.

தென்காசிக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா நான். பகல் முழுக்கப் பிறருடைய வழக்குகளை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுகிறவன். சாயங்காலத்தில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன். அங்கே எழுத்தை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு சுகம். இந்தக் கதையில் மட்டும் அந்தச் சுகம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஆடிச் சாரலில் குற்றால மலை வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு நின்ற ஒரு காலை வேளையில்—"

வேண்டாம். ஒரு பிள்ளை செத்துப்போன நாளைப் பற்றி எழுதும்போது மலைக்கு முக்காடு போட்டு அழகு பார்க்க மனம் வரவில்லை.

"மேலகரத்தில் பேராசைக்காரி ஒருத்தி இருந்தாள். பெற்ற பிள்ளை போன துக்கத்தைவிட அவளுக்கு—"

இது வண்டிக்காரர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எழுதியது. வாக்கியத்தை முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் நீங்களும் இப்படித்தான் நினைப்பீர்கள் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

"கோழிகளுக்கு மினுங்குகிற பொருள் எதைக் கண்டாலும் ஒரு கொத்து கொத்திப் பார்க்க வேண்டும்."

இது பரவாயில்லை. இங்கிருந்து போகிறேன்.

2

கோழிகளுக்கு மினுங்குகிற பொருள் எதைக் கண்டாலும் ஒரு கொத்து கொத்திப் பார்க்க வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்க வயிற்றுக்குள் கல் வேண்டும். அதற்காகப் பொறுக்கும் கல்லோடு கல்லாகக் கண்ணாடிச் சில்லு, பித்தான், பாசிமணி எல்லாம் உள்ளே போய்விடும்.

வல்லிநாயகம் வீட்டு வெள்ளச்சி அப்படிப்பட்ட கோழி. வல்லிநாயகம்தான் நான் சொன்ன வண்டிக்காரர். தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்குச் சவாரி அடிப்பவர். (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். குதிரையின் நிறத்தையும் சொல்லப்போவதில்லை.) வீடு மேலகரத்தில், குற்றாலம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மனைவி முப்பிடாதி. ஒரே மகள் சந்தனமாரி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள்.

சந்தனமாரிதான் வெள்ளச்சியைக் குஞ்சிலிருந்து வளர்த்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கஞ்சி குடிப்பாள். வல்லிநாயகத்தின் சட்டைப் பித்தானை அது விழுங்கிற்று. குதிரையின் கழுத்து வாரிலிருந்து தெறித்த சின்ன மணியை விழுங்கிற்று. முப்பிடாதி கோர்த்துக்கொண்டிருந்த பாசியில் பாதியைக் காலி செய்தது. முப்பிடாதி விளக்குமாற்றை எடுத்தால் பிள்ளை குறுக்கே வந்து நிற்பாள்.

"அடிக்காத அம்மா. வெள்ளச்சி வயித்துக்குள்ள வளவிக்கடை வச்சிருக்கா. சரக்கு வேணும்லா அவளுக்கு?"

இதைச் சொல்லும்போது வல்லிநாயகம் சிரித்தார். சிரித்து முடித்ததும் குதிரையைத் தட்டினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

3

[இந்தப் பகுதி வண்டிக்காரர் சொன்னபடி.]

அந்த வருஷம் சாரலோடு சாரலாக மேலகரத்தில் முறைக்காய்ச்சல் வந்தது. சந்தனமாரிக்குக் குளிர் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை தண்ணீரையும் துப்ப ஆரம்பித்ததும், ஆய்க்குடியில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரு வைத்தியரை அழைத்துவர வல்லிநாயகம் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியர் வீட்டில் இல்லை. பக்கத்து ஊருக்கு யாரையோ பார்க்கப் போயிருந்தார். தேடிக்கொண்டு போனால் வழியில் தவறவிட்டுவிடுவோமோ என்று வல்லிநாயகம் அவர் வாசலிலேயே காத்திருந்தார். வைத்தியர் வந்து, குளித்து, மருந்துப்பையை எடுத்து, வண்டியில் ஏறியபோது நடுப்பகல் தாண்டிவிட்டது.

மேலகரம் வந்து சேர்ந்தபோது முப்பிடாதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அழவில்லை. வைத்தியர் குனிந்து பிள்ளையின் கையைத் தொட்டார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

"இப்பத்தான்," என்றாள் முப்பிடாதி. "என் மடியிலதான். உங்களத்தான் கேட்டா. அப்பா வண்டி வருதான்னு கேட்டா. வருதுட்டின்னு சொன்னேன். கண்ண மூடிட்டா."

இதை வல்லிநாயகம் என்னிடம் ஒரே சவாரியில் இரண்டு தடவை சொன்னார்.

"அம்மா மடியிலதான் போச்சு அய்யா. தனியாக் கெடந்து போவல. அது ஒண்ணுதான் எனக்கு. ராவுல முழிப்பு வந்தா அதத்தான் நெனச்சுக்கிடுதேன். மடியிலதான் இருந்தா, மடியிலதான் இருந்தான்னு சொல்லிக்கிட்டே கெடப்பேன்."

சிற்றாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். அதற்கு முன் குளிப்பாட்டும்போதுதான் பிள்ளையின் ஒரு காதில் கம்மல் இல்லாததை அவர் கவனித்தார். சிவப்புக் கல் வைத்த கம்மல். ஒரு நல்ல சீசனில் அவர் ஆசையாகச் செய்துபோட்டது.

"கம்மல் எங்கட்டி?"

"கழண்டு கீழ விழுந்துட்டு. கோழி முழுங்கிட்டு."

அந்த நேரத்தில் அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

4

பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு கோழியும் இருந்தார்கள்.

வல்லிநாயகம் குதிரைக்கு ஊறவைத்த கொள்ளில் ஒரு கை எடுத்து வெள்ளச்சிக்கு வைப்பார். வண்டி வந்து நின்றதும் அது ஓடிவரும். மடியில் ஏற்றிக்கொள்வார். அது அடிக்கடி வீட்டுக்குள் போய், பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பாயைப் பார்க்கும். ஒரு கொத்து கொத்தும். மறுபடி பார்க்கும்.

"பாத்தியா? புள்ளையத் தேடுது," என்பார் மனைவியிடம்.

அவள் எழுந்து போய்விடுவாள். 'இவளுக்கு நெஞ்சு என்ன கல்லா' என்று அவர் நினைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இலஞ்சிக்குச் சவாரி போய்விட்டு வந்தார். வண்டியை அவிழ்த்தார். கோழி வரவில்லை. கூப்பிட்டார். கூட்டைத் திறந்து பார்த்தார். முப்பிடாதி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். புடவை நனைந்திருந்தது.

"வெள்ளச்சி எங்க?"

"அறுத்துட்டேன்."

"எதுக்கு?"

அவள் கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் சிவப்புக் கல் கம்மல். பொன் தேய்ந்து போயிருந்தது.

"இதுக்கா?" என்றார். "புள்ள வளத்த கோழிய, இந்தக் குன்றிமணிப் பொன்னுக்கா அறுத்த? ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன். கம்மலுக்கா?"

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னாள். வல்லிநாயகம் தம் துணி இரண்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து லாயத்துக்குப் போனார். இன்றுவரை அங்கேதான் குதிரையோடு படுக்கிறார். கிளப்புக்கடையில் சாப்பிடுகிறார். வீட்டுக்கு அரிசி மட்டும் யார் மூலமாவது போய்க்கொண்டிருக்கிறது. தினமும் சவாரியோடு அந்தச் சந்தைத் தாண்டித்தான் குற்றாலம் போகவேண்டும். அந்த இடம் வரும்போது அவர் இடது கைப்பக்கம் பார்ப்பதில்லை.

(இங்கே என் கதை முடிந்துவிட்டதாக நினைத்தேன். "கம்மலின் கல்" என்று தலைப்புகூட வைத்தேன். கல்நெஞ்சத்தோடு பொருந்தி வருகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தத் தாளைப் பார்க்க இப்போது கூசுகிறது.)

ஆனால் முப்பிடாதி எனக்குப் பிடிபடவில்லை. பொன்னுக்கு ஆசைப்பட்டவள் அதை ஒளித்துவைப்பாள். விற்பாள். கேட்ட உடனே கையை விரித்துக் காட்டுவாளா? பாத்திரத்தை நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, எழுதுகிறவர்களுக்கே உரிய வெட்கங்கெட்ட துணிச்சலோடு, மேலகரத்துக்கு நடந்தேன்.

சந்து முனையிலேயே நின்றிருந்தாள். சாணிக்கூடை இடுப்பில். மெலிந்த, உயரமான பெண். காதிலும் மூக்கிலும் ஒன்றும் இல்லை.

"யாரு வேணும்?"

சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "குற்றாலம் போக வண்டி வேணும். இங்கே வண்டிக்காரர் வீடு இருக்கிறதென்று சொன்னார்கள்."

"அவரு ஸ்டேஷன்லதான் இருப்பாரு." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குதிரைக்கு முன்னங்கால் நோவுது. மெள்ளத்தான் ஓட்டுவாரு. வெரசாப் போன்னு சொல்லி அவர வெரட்டாதீக."

குதிரைக்குக் கால் நோவது அன்றைக்கு முந்தின நாளிலிருந்துதான்; வல்லிநாயகமே என்னிடம் சொல்லியிருந்தார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத இவளுக்கு அது எப்படித் தெரியும்? அங்கே நின்று வண்டி போவதைப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

வீட்டுக்கு வந்து "கல்நெஞ்சம்" என்று எழுதிய இடங்களை எல்லாம் அடித்தேன். அடித்த இடத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பேனாவை மூடிவிட்டேன்.

5

யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து பஸ்கள் குறைந்தன. குதிரைவண்டிகளுக்கு மறுபடி கிராக்கி வந்தது. என் மனைவி பிரசவித்திருந்தாள். ஈரல் வாங்க, கடைத்தெருவில் சேக் தாவூதின் கறிக்கடைக்கு அடிக்கடி போவேன். அவருக்கு அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். ஒருநாள் இலையில் ஈரலைப் பொதிந்து கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க கத எழுதுதீகளாமே?"

ஆமாம் என்றேன்.

"ஒரு சேதி இருக்கு. ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. ஒங்களுக்கு எதுக்காவது ஆவுமான்னு பாருங்க."

[இனி வருவது முப்பிடாதி சேக் தாவூதிடம் சொல்லி, அவர் என்னிடம் சொல்லி, நான் எழுதுவது. மூன்று வாய் மாறியிருக்கிறது. மாற்றியவர்களில் நான்தான் நம்பத்தகாதவன். ஆகவே என் சொல்லைக் குறைத்துக்கொள்கிறேன்.]

ஐப்பசி மழையில் ஒரு பெண், முந்தானைக்குள் வெள்ளைக் கோழி ஒன்றைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தாள். அறுத்துத் தரச் சொன்னாள். சேக் தாவூது கோழியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"முட்டை இடுத கோழில்லா தாயி. இத ஏன் அறுக்கணும்? எங்கிட்டக் குடுத்துரு. நான் வளத்துக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அறுங்க. அறுத்து எரப்பைய என் கண்ணு முன்னால தொறங்க."

"எதுக்கு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. பிறகு சொன்னாள்.

"எம்மவ காய்ச்சல்ல கெடந்தா. ஒருக்களிச்சுப் படுத்தா கம்மல் குத்துதுன்னு அழுதா. நான்தான் திருகக் கழத்தி விட்டேன். கம்மல் சும்மா காதுல நின்னுச்சு. அவுகள வைத்தியருக்கு அனுப்பிட்டு ஒத்தையில இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டமாரி இருந்துச்சு, சந்து முக்குக்கு ஓடுனேன். அது வேற வண்டி. வேற வண்டின்னு தெரிஞ்ச பொறவும் நின்னேன். இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு அங்கனயே நின்னேன்."

சேக் தாவூது கோழியைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"திரும்பி வந்து பாக்கேன். புள்ள நெஞ்சு மேல கோழி நிக்கி. காதக் கொத்துது. வெரட்டுனேன், வாயில கம்மலோட பறந்து போச்சு. காதுல ரத்தம் பொட்டா நிக்கி. புள்ள கையத் தூக்கல அண்ணாச்சி. ஈ உக்காந்தாலே சிணுங்குத புள்ள. காதக் கொத்துது, கையத் தூக்கல. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

முந்தானையால் ரத்தத்தைத் துடைத்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்படியே உட்கார்ந்திருக்கும்போது வண்டி வந்திருக்கிறது. இந்தத் தடவை அவர் வண்டி.

"மடியிலதான் போச்சுன்னு அவுககிட்டச் சொல்லிட்டேன். அவுக அத நம்பித்தான் ஒரு வாய் சோறு திங்காக. எப்பம் உசிரு போச்சுன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இந்தக் கோழிக்குத்தான் தெரியும். அது பாயில வந்து நிக்கும்போதெல்லாம் புள்ளையத் தேடுதுன்னு அவுக சொல்லுதாக. அது மத்தக் கம்மலத் தேடுது. நேத்து மத்தியானம் அசந்து படுத்திருந்தேன். முழிச்சா, என் மொகத்துக்கிட்ட நின்னு மூக்குத்தியப் பாத்துக்கிட்டு இருக்கு. இனிமே என்னால முடியாது."

சேக் தாவூதுக்கு மூன்று பெண்கள். பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். இரைப்பையைக் கீறி ஒரு தேக்கிலையில் கவிழ்த்தார். கூழாங்கல், பித்தான், பாசித் துணுக்கு, ஒரு சின்ன மணி. எல்லாவற்றுக்கும் நடுவில் கம்மல். அவள் கம்மலை மட்டும் எடுத்தாள். மழைத்தண்ணீரில் கழுவினாள். கறியைக் கொண்டுபோகவில்லை.

"அந்தக் கறிய நான் விக்கல. கடைக்குப் பின்னால குழி தோண்டிப் பொதைச்சேன்," என்றார் சேக் தாவூது. "வண்டிக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராதீகன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. 'கோழி எங்கன்னு கேட்டா என்ன தாயி சொல்லுவ?'ன்னு கேட்டேன். 'கம்மலுக்காக அறுத்தேன்னு சொல்லுவேன். ஏசுவாக. ஏசட்டும்'னா."

ஈரல் பொட்டலத்தை நீட்டினார்.

"அவர்கிட்டதான் சொல்லக்கூடாதுன்னா. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லல." சிரிக்காமல்தான் சொன்னார்.

6

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இந்தக் கதைக்கு வரிசையாக முடிவுகள் எழுதினேன்.

ஒரு முடிவில் இரைப்பைக்குள் கம்மல் இல்லை. முப்பிடாதி வெறுங்கையோடு திரும்புகிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கம்மல் இருந்தது. அது கையில் இருந்ததால்தான் அவளால் ஒரு பொய்யைத் தாங்கிப்பிடிக்க முடிந்தது.

இன்னொன்றில் வல்லிநாயகம் தற்செயலாகக் கறிக்கடைப் பக்கம் வருகிறார். மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நாலு பக்கம் எழுதிய பிறகு, அவர் அன்று இலஞ்சியில் இருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. கோர்ட்டில் வேலை பார்க்கிறவன் அல்லவா? ஒரு ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தக் கை வரவில்லை.

மூன்றாவதில் முப்பிடாதி செத்துப்போகிறாள். சேக் தாவூது சத்தியத்திலிருந்து விடுபட்டு உண்மையைச் சொல்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. வந்ததும் சந்தேகமும் வந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியை என் அழுகைக்காக நான் கொல்கிறேனே! போன வாரம்கூட அவளைப் பாவூர்சத்திரம் சந்தையில் பார்த்தேன். உள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள்.

கிழித்துப்போட்டேன்.

நடந்தது என்னவென்றால், ஒன்றும் நடக்கவில்லை. அவர் லாயத்தில் இருக்கிறார். அவள் சந்து முனையில் நிற்கிறாள். அவர் இடது பக்கம் பார்ப்பதில்லை. வருஷங்கள் போகின்றன.

நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை அவர் வண்டியில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "வல்லிநாயகம்—" என்றேன்.

"சொல்லுங்கய்யா."

அவருக்கு மனைவி திரும்பக் கிடைப்பாள். நிச்சயம் கிடைப்பாள். லாயத்திலிருந்து ஓடியே போய்விடுவார். ஆனால் அந்தக் கணத்திலேயே பிள்ளை மடியிலிருந்து இறங்கிப் பாயில் தனியாகக் கிடப்பாள். அவர் ஆய்க்குடியில் ஒரு வாசலில் காத்துக்கொண்டிருக்க, மனைவி சந்து முனையில் காத்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மறுபடி ஒருமுறை—

"குதிரைக்குக் கால் தேவலையா?" என்று கேட்டேன்.

"தேவலைய்யா," என்றார்.

7

கதையை இங்கே நிறுத்துகிறேன். இதைப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கலாம். பல நாள் மூடித்தான் வைத்திருந்தேன். என்னால் சொல்லவும் முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே யார் கைக்குப் போகும் என்று தெரியாத ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இது கோழைத்தனமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவேண்டும். வல்லிநாயகத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்கப் பிரியம். சீசனுக்கு வருகிறவர்கள் கையில் பத்திரிகை வைத்திருந்தால் விடமாட்டார். பெயரை மாற்றியிருந்தாலும், ஒரு வண்டிக்காரன், ஒரு வெள்ளைக் கோழி, ஒரு சிவப்புக் கல் கம்மல் என்று காதில் விழுந்தால் அவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

நீங்கள் ஒரு ஆடி மாதம் தென்காசி ஸ்டேஷனில் இறங்குவீர்கள். சாரலுக்கு நனையாமல் இந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்திருப்பீர்கள். வயதான ஒரு வண்டிக்காரர் உங்கள் பெட்டியை வாங்கி வண்டியில் வைப்பார். மேலகரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்கம் திரும்பிக் கேட்பார்:

"கையில என்னய்யா, கதைப் புஸ்தகமா? குற்றாலம் போறமட்டும் வாசிங்களேன், கேப்போம்."

உங்கள் பதிலை எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

......................................................................